கணக்கு எழுத்தர் வேலையில் சம்பளம் எதுவரை ஏறும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நான்கு ஆண்டுகளாக ஒரு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் கிளார்க். கொள்முதல் பில்களைப் பதிவது, சப்ளையர்களுக்குப் பணம் அனுப்பப் பட்டியல் போடுவது, ரொக்க ஏடு எழுதுவது, இதுதான் அன்றாட வேலை. முதல் இரண்டு ஆண்டு சம்பளம் நன்றாக ஏறியது. அப்புறம் ஆண்டுக்கு ஏதோ கொஞ்சம். பட்டப்படிப்பை முடிக்கவில்லை. "இந்த வேலையில் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம்? இங்கேயே இருப்பதா, வேறு இடம் பார்ப்பதா, இல்லை படிப்பதா?" என்று கேட்கிறார்.

அதிகபட்சத்துக்கு ஒரே எண் கிடையாது. நாடு, ஊர், தொழில் மாற மாற எண்ணும் மாறும். ஆனால் சம்பளம் எந்த வேகத்தில் ஏறுகிறது, எங்கே போய் நிற்கிறது என்ற போக்கு எங்கே பார்த்தாலும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெளிவான பொதுக் கணக்கு ஒன்று வேண்டும் என்பதற்காக அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் எண்களை எடுத்துக்கொள்கிறேன். 2023 மே மாத நிலவரப்படி அங்கே கணக்கு எழுத்தர்களின் இடைநிலை ஊதியம் ஆண்டுக்கு 47,440 டாலர், மணிக்கு 22.81 டாலர். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள் என்று பொருள். அதே துறை, அதே மாதத்தில், கணக்காளர்களுக்கும் தணிக்கையாளர்களுக்கும் காட்டும் இடைநிலை 79,880 டாலர். டாலரை மறந்துவிடுங்கள், விகிதத்தை மட்டும் பாருங்கள். ஒரே அறையில், ஒரே மென்பொருளில், பல நேரம் ஒரே பேரேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவர் 10 வாங்கினால் மற்றவர் 6-க்குச் சற்றுக் குறைவாக வாங்குகிறார்.

இந்த இடைவெளி எங்கே உருவாகிறது என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலகத்திலுள்ள வேலைகளையெல்லாம் எண் கொடுத்து வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அதன் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் கணக்கு எழுத்தருக்கு 4311. ஊதியப் பட்டியல் போடும் எழுத்தருக்கு 4313. கணக்காளருக்கு 2411. இவர்களுக்கு நடுவே 3313 என்று ஒரு பிரிவு இருக்கிறது, கணக்கியல் துணை வல்லுநர். முதல் இலக்கம்தான் கவனிக்க வேண்டியது. 4 என்றால் எழுத்தர் பணி, 3 என்றால் துணை வல்லுநர் பணி, 2 என்றால் வல்லுநர் பணி. உங்கள் அலுவலகத்தில் இந்த எண்களை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ஆனால் சம்பளம் இதே படிக்கட்டில்தான் ஏறுகிறது. 4-க்குள்ளேயே இருந்துகொண்டு எத்தனை ஆண்டு உழைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். 4-லிருந்து 3-க்குப் போகும்போதுதான் தாவல் இருக்கிறது. கேட்டவர் முட்டிக்கொண்டு நிற்பது இந்த 4-இன் கூரையில் என்று நினைக்கிறேன்.

ஏன் கூரை? பில் பதியும் வேலையைக் கற்றுக்கொள்ள ஓர் ஆண்டு, அதில் வேகமும் நிதானமும் வர இன்னோர் ஆண்டு, அவ்வளவுதான். இரண்டு ஆண்டு முடிந்தவரும் எட்டு ஆண்டு முடிந்தவரும் ஒரு நாளில் பதியும் பில்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. முதலாளி அனுபவத்துக்குச் சம்பளம் கொடுக்கிறார் என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அவர் மனதில் ஓடுவது, 'இவர் போய்விட்டால் இன்னொருவரைப் பிடித்துப் பழக்க எத்தனை வாரம் ஆகும்' என்ற கணக்கு. பதிவு வேலைக்கு அது சில வாரங்கள்தான். விற்பனைப் பிரிவைப் போல 'நான் இவ்வளவு கொண்டுவந்தேன்' என்று நீட்டிக் காட்டவும் கணக்குப் பிரிவில் வழியில்லை. நிர்வாகத்தின் கண்ணுக்கு அது செலவுப் பிரிவு. ஆண்டுத் திட்டத்தில் முதலில் கத்தரி விழுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, 3-க்கு எப்படிப் போவது? வகைப்பாட்டு விளக்கத்தின் சாரத்தை நம் மொழியில் சொன்னால், 4311-இல் இருப்பவர் கணக்கிடுகிறார், பதிகிறார், ஒப்பிட்டுப் பார்க்கிறார். 3313-இல் இருப்பவர் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பதிவுகளை முழுமையாக வைத்திருக்கவும், அவை சரிதானா என்று சோதிக்கவும் பொறுப்பேற்கிறார். நடைமுறையில் இந்த வித்தியாசம் தெரியும் இடம் மாதக் கடைசி. பில் பதிகிறவருக்கு 30-ஆம் தேதி இன்னொரு நாள். கணக்கை முடிப்பவருக்கு அன்றுதான் வேலை தொடங்குகிறது.

மாத முடிப்பில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் காசு இருப்பது இங்கேதான். வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் பக்கத்தில் வைத்து வங்கிச் சரிகட்டும் பட்டியல் தயாரிக்க வேண்டும். கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்கு வரவில்லை, வங்கி பிடித்த கட்டணம் நம் ஏட்டில் ஏறவில்லை, யாரோ ஒரு வாடிக்கையாளர் பெயர் போடாமல் பணம் அனுப்பியிருக்கிறார், ஒவ்வொன்றையும் துரத்த வேண்டும். இந்த மாதம் வேலை நடந்து பில் அடுத்த மாதம் வரப்போகிற செலவுகளைக் கொடுபட வேண்டிய செலவாக எழுத வேண்டும். ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கட்டிய காப்பீட்டுத் தொகையில் இந்த மாதப் பங்கை மட்டும் செலவில் ஏற்றி, மிச்சத்தை நிறுத்திவைக்க வேண்டும். தேய்மானம் போட வேண்டும். சப்ளையர் அனுப்பிய கணக்கு அறிக்கையும் நம் பேரேடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் அனாமத்துக் கணக்கு. எங்கே எழுதுவது என்று தெரியாமல் ஆறு மாதமாக எல்லாரும் தள்ளிவிட்டதெல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்த அனாமத்துக் கணக்கைத் தைரியமாகத் திறந்து பார்க்கிற எழுத்தரை எந்த மேலாளரும் எளிதில் விடமாட்டார்.

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்த நேர்காணல்களில் கேட்ட முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "இருப்பாய்வு இடிக்கிறது, அல்லது வங்கி இருப்பு ஒத்துவரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவீர்கள்?" இருப்பாய்வு என்பது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளைப் பட்டியலிட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது. வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 54-ஐ 45 என்று எழுதியிருப்பார்கள். வித்தியாசத்தில் பாதித்தொகைக்கு ஒரு பதிவு இருந்தால் பற்றில் போக வேண்டியது வரவில் போயிருக்கலாம். இந்த இரண்டையும் சொன்னவர்களிடம் அதற்குமேல் பாடப்புத்தகக் கேள்விகள் எதையும் நான் கேட்டதில்லை. தேடத் தெரிந்தவருக்கும் பதிய மட்டும் தெரிந்தவருக்கும் சம்பளம் வேறு வேறு என்பது எடுக்கிறவர், வருகிறவர் இருவருக்குமே தெரியும்.

மாத முடிப்புக்கு அடுத்தபடி, எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும் சம்பளத்தை நகர்த்தும். ஊதியப் பட்டியல் போடுகிறவருக்குப் பொதுவாகச் சற்றுக் கூடுதல் கிடைக்கும். காரணம் எளிது: எல்லாருடைய சம்பளமும் அவருக்குத் தெரியும், தேதி தவறவே கூடாது, பிடித்தங்களின் சட்டம் அடிக்கடி மாறும், ஒரு தப்பு நடந்தால் நூறு பேர் அவர் மேசைக்கு வந்து நிற்பார்கள். வரவேண்டிய பாக்கியைப் பார்க்கிறவருக்கு இன்னொரு வசதி உண்டு. கணக்குப் பிரிவில் 'நான் பணம் கொண்டுவந்தேன்' என்று சொல்லக்கூடிய ஒரே எழுத்தர் அவர்தான். சில நிறுவனங்கள் வசூலுக்கு ஊக்கத்தொகைகூடத் தருகின்றன. கொடுக்கவேண்டிய பாக்கி, அதாவது கேட்டவர் இருக்கும் மேசை, இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. இயந்திரம் முதலில் கைவைத்ததும் அங்கேதான்.

தொழிலும் முக்கியம். கட்டுமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேலைத்தளத்துக்கும் தனிச் செலவுக்கணக்கு, முடிந்த அளவுக்கு மட்டும் பில் போடுவது, ஒவ்வொரு பில்லிலும் ஒரு பங்கை வாடிக்கையாளர் பிடித்துவைத்து வேலை முடிந்த பிறகு தருவது, துணை ஒப்பந்தக்காரர்களின் கணக்கு, இத்தனை சிக்கல். வழக்கறிஞர் அலுவலகத்தில் கட்சிக்காரர் பணத்தை அலுவலகப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் கையிருப்பு மதிப்பீடு. இப்படி ஒரு தொழிலின் தனிக்கணக்கு கைவந்துவிட்டால் உங்களுக்குப் பதிலாக ஆள் தேட வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும். மேலே சொன்ன முதலாளியின் மனக்கணக்கு அப்போது உங்கள் பக்கம் சாயும். கடையோ பள்ளியோ நடத்தும் பொதுவான கணக்கில் அந்தச் சாய்வு குறைவு.

பெரிய நிறுவனமா, சிறியதா? இதில் என் கருத்து சற்றுப் பிடிவாதமானது. பெரிய இடத்தில் தொடக்கச் சம்பளமும் சலுகைகளும் நன்றாக இருக்கும், ஆனால் வேலையை நறுக்கித் தருவார்கள். 'அ' முதல் 'க' வரையிலான சப்ளையர்களின் பில் மட்டும் என்று மூன்று ஆண்டு போய்விடும். ஒவ்வொரு படிநிலைக்கும் ஊதிய வரம்பு உண்டு, அதன் உச்சியைத் தொட்டவருக்குப் பதவி உயர்ந்தால் ஒழிய வழியில்லை. சின்ன நிறுவனத்தில் ஒரே ஆள் பில், வங்கி, சம்பளம், வரித் தாக்கல், இறுதிக் கணக்கு வரை எல்லாம் பார்ப்பார். சம்பளம் குறைவு, கற்றல் அதிகம். 25 வயதில் ஒருவர் கேட்டால் இரண்டு மூன்று ஆண்டு சின்ன இடத்தில் இருந்து முழுச் சுற்றையும் பார்த்துவிட்டு, அதைக் காட்டிப் பெரிய இடத்தில் மேல்படியில் நுழையச் சொல்வேன். நேர்மாறாகப் போனவர்கள் பலர் ஒரே நறுக்குக்குள் மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

சம்பளத்தை மாதத்துக்கு எவ்வளவு என்று மட்டும் பார்க்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ஓர் இடத்தில் மாதம் 30,000, ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாதத்தில் 26 நாள். இன்னோர் இடத்தில் 27,000, 8 மணி நேரம், 22 நாள். முதலாவது 234 மணி நேரம், மணிக்கு 128. இரண்டாவது 176 மணி நேரம், மணிக்கு 153. குறைவாகத் தெரிகிற சம்பளம்தான் மணிக்கு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல். மாத முடிப்பு, ஆண்டு முடிப்பு, தணிக்கைக் காலம் என்று இரவு வரை உட்காரும் நாட்களையும் சேர்த்துக்கொண்டால் வித்தியாசம் இன்னும் பெருகும்.

கூடுதல் நேரத்துக்குப் பணம் உண்டா என்பதைப் பலர் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் 1938-இல் வந்த நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டம் வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு தரச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் விதிகளில் நம் வேலையைப் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள்: பெரும்பாலும் வழக்கமான வேலையைச் செய்யும் கணக்கு எழுத்தர்களும் ஏடு எழுதுபவர்களும் பொதுவாக வல்லுநருக்கான விலக்கில், அதாவது கூடுதல் நேரப் பணம் தர வேண்டாத பிரிவில், வர மாட்டார்கள். அதாவது, மாதச் சம்பளக்காரர் என்று சொல்லிக் கூடுதல் நேரப் பணத்தை மறுப்பது அவ்வளவு எளிதல்ல. உங்கள் நாட்டுச் சட்டம் வேறாக இருக்கலாம், ஒருமுறை படித்துப் பாருங்கள். இதனால்தான் சில இடங்களில் சம்பளத்தை ஏற்றாமல் 'அசிஸ்டென்ட் மேனேஜர்' என்று பெயரை மட்டும் ஏற்றுகிறார்கள். பெயர்ப்பலகை மாறிய மறுநாள் கூடுதல் நேரப் பணமும் நின்றுவிட்டால் நடந்தது சம்பளக் குறைப்பு.

இனி எல்லாரும் பயப்படும் விஷயம். கணினி இந்த வேலையைத் தின்றுவிடுமா? இந்தப் பயம் புதிதில்லை. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற விரிதாளைக் கொண்டுவந்தபோது, பென்சிலும் அழிரப்பரும் வைத்து நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டிருந்த வேலை நிமிடங்களில் முடிந்தது. 1985-இல் எக்செல் வந்தது. கூட்டல் வேலை போனது, ஆனால் 'இந்த விலையை 5 சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்' என்று கேட்கத் தொடங்கினார்கள், அதற்குப் பதில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இப்போது பில்லை ஸ்கேன் செய்தாலே மென்பொருள் படித்துப் பதிகிறது, வங்கிப் பரிவர்த்தனைகள் தானாக வந்து விழுகின்றன. முன்னே சொன்ன அதே அமெரிக்கத் துறை, 2023 முதல் 2033 வரை கணக்கு எழுத்தர் வேலைகளின் எண்ணிக்கை 5 சதவீதம் குறையும் என்று கணித்தது. வேலைகள் குறைந்தாலும் ஓய்வு பெறுகிறவர்கள், வேறு தொழிலுக்குப் போகிறவர்கள் விட்ட இடங்களை நிரப்ப ஆண்டுதோறும் ஆள் எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள் என்றும் அதே துறை சொல்கிறது.

அந்த இடங்களுக்கு எடுக்கப்படுபவர் யார் என்பதுதான் கேள்வி. நூறு பில்லில் தொண்ணூறு தானாகப் பதிவாகிவிட்டால், மீதிப் பத்தும் கோணலானவை. கொள்முதல் ஆணையில் ஒரு விலை, பில்லில் வேறு விலை. சரக்கு 48 பெட்டி வந்திருக்கிறது, பில் 50-க்கு. அதே பில் ஒரு புள்ளி மட்டும் மாறிய எண்ணோடு இரண்டாவது முறை வந்திருக்கிறது. இவற்றைப் பிடித்துத் தீர்ப்பவருக்கு வேலை இருக்கும், சம்பளமும் கூடும். அதனால் எக்செல்லில் கூட்டல் தெரியும் என்பதைத் தாண்டிப் போங்கள். தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை, ஒரு பட்டியலிலிருந்து பொருத்தமானதைத் தேடி எடுக்கும் லுக்கப் வகைச் சூத்திரங்கள், தரவைத் திரட்டிச் சீராக்க 2016 பதிப்பிலிருந்து எக்செல்லோடு சேர்ந்தே வரும் பவர் குவெரி, இந்த மூன்றும் கைவந்தால் இரண்டு நாள் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். மிச்சமான நேரத்தை மேலாளரிடம் உடனே ஒப்படைத்துவிடாமல், அதில் மாத முடிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். பட்டம் இல்லை என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தடை இல்லை. 1904-இல் தொடங்கிய, கணக்காளர் தகுதித் தேர்வுகளை நடத்தும் பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ. அமைப்பு, பட்டமில்லாதவர்களும் அடிப்படைத் தேர்வுகளிலிருந்து நுழைய வழி வைத்திருக்கிறது. முழுத் தகுதிக்கு 13 தாள்கள், மூன்று ஆண்டு வேலை அனுபவம் என்பது அதன் நெடுநாளைய அமைப்பு. 1980-இல் உருவான ஏ.ஏ.டி. என்ற அமைப்பு, சரியாக அந்த 3313 படிக்கான ஆட்களைத் தயார்செய்யவே இருக்கிறது. அமெரிக்காவில் தொழில்முறை ஏடு எழுதுவோர் கழகம் தரும் சான்றிதழுக்குத் தேர்வோடு இரண்டு ஆண்டு அனுபவமும் வேண்டும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் காசு. உங்கள் நாட்டிலும் இப்படி ஒரு நடுப்படித் தேர்வு இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. தேர்வு மட்டும் எழுதி, மேசை மாறாமல் இருந்தால் சம்பளம் நகராது. ஆறு தாள் முடித்துவிட்டு அதே பில் பதிவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், முழுத் தகுதியும் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு தாள் தேறியதுமே 'படித்துக்கொண்டிருக்கிறேன், இருப்பாய்வு வரை என்னிடம் கொடுங்கள்' என்று கேட்க உங்களுக்கு வாய் வந்துவிடுகிறது. படிப்பின் உடனடிப் பயன் அந்த வாய்தான் என்பேன். தேர்வுக் கட்டணம், விடுப்பு இரண்டையும் நிறுவனம் தருமா என்று கேளுங்கள். பல இடங்களில் அதற்கென்று ஒதுக்கிய பணம் கேட்பாரற்றுக் கிடக்கும். தந்தால் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சம்பள உயர்வு கேட்பதில் கணக்குக்காரர்கள் ஒரு விந்தையான கூட்டம். நாள் முழுக்க எண்களோடு இருப்போம், நம் காரியம் என்று வரும்போது "ரொம்ப கஷ்டப்பட்டு வேலை செய்கிறேன் சார்" என்போம். எண் கொண்டுபோங்கள். வசூலை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கடன் விற்பனை 3,650 என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 10. வரவேண்டிய பாக்கி 500 என்றால் சராசரியாக 50 நாள் கழித்துத்தான் பணம் வருகிறது. உங்கள் தொடர் நினைவூட்டலால் அது 400-க்கு இறங்கினால் 40 நாள். 100 கையில் வந்துவிட்டது. நிறுவனம் 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் ஆண்டுக்கு 10 மிச்சம். இந்த ஒரு தாளை நீட்டுங்கள். கொள்முதல் பக்கம் இருப்பவர் என்றால், பிடித்த இரட்டைப் பில்களின் தொகை, சீக்கிரம் பணம் கட்டிப் பெற்ற தள்ளுபடி, மாதக் கணக்கு 12 நாளில் முடிந்தது 7 நாளில் முடிகிறது என்பது, இவையெல்லாம் எண்தான். நடந்த அன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், ஆண்டுக் கடைசியில் எதுவும் ஞாபகம் வராது.

நேரமும் பார்க்க வேண்டும். மாத முடிப்பு நடுவே மேலாளரிடம் போய் நிற்காதீர்கள். அடுத்த ஆண்டுத் திட்டம் கையெழுத்தாவதற்கு முன்னால் அல்லது தணிக்கை குறையில்லாமல் முடிந்த வாரத்தில் போங்கள். எவ்வளவு கேட்பது என்று தெரியவில்லையா? இப்போது பல இடங்களில் வேலை விளம்பரத்திலேயே ஊதிய வரம்பைப் போடச் சட்டம் வந்துவிட்டது. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர், கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் நடைமுறை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஊதிய வெளிப்படைத்தன்மைக்கென ஒரு நெறிமுறை நிறைவேற்றி, 2026 ஜூனுக்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்றது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ஆள்தேடும் தளங்களில் வரும் பத்து விளம்பரங்களைப் படித்தால் ஓரளவு பிடிபடும். பதவிப் பெயரைப் பார்க்காதீர்கள், வேலை விவரத்தைப் படியுங்கள். 'மாத முடிப்பு', 'சரிகட்டல்' போன்ற சொற்கள் இருக்கும் விளம்பரத்திலும் 'தரவுப் பதிவு' என்று இருக்கும் விளம்பரத்திலும் வரம்பு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அந்த இரண்டு விளம்பரமும் இரண்டு வரியில் சொல்லிவிடும்.

இடையில் ஓர் எச்சரிக்கை. "நான் இல்லாவிட்டால் இங்கே ஒன்றும் ஓடாது" என்ற பெருமை கணக்குப் பிரிவில் ஆபத்தானது. விடுப்பே எடுக்காத எழுத்தரைப் பார்த்தால் தணிக்கையாளருக்கு முதலில் சந்தேகம்தான் வரும். பில்லை அனுமதிப்பது, பணம் அனுப்புவது, வங்கியைச் சரிகட்டுவது மூன்றும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது உள்கட்டுப்பாட்டின் பாலபாடம். நாளை பணம் குறைந்தால் நீங்கள் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வழியிருக்காது. அதோடு, உங்கள் வேலையைச் செய்ய இன்னொருவர் பழகாதவரை உங்களை மேலே அனுப்பவும் மாட்டார்கள். என் முதல் வேலையில் இதில் இரண்டு ஆண்டை வீணாக்கினேன். எல்லாச் சாவியும் என்னிடம் இருக்கிறது என்று பூரித்துக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு வந்தபோது, "இவரை எடுத்தால் இந்த இடத்தை யார் பார்ப்பது?" என்று பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுத்தார்கள்.

தனியாகச் சில சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவது இன்னொரு வழி. ஒரு மாதச் சம்பளத்தைவிட ஐந்தாறு வாடிக்கையாளர்களின் கட்டணம் அதிகமாக வரக்கூடும். ஆனால் முதல் ஆண்டில் பலர் அடிபடுவது விலையில். ஏடுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்காமலே மாதத்துக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, அப்புறம் பதினெட்டு மாதக் குப்பையைச் சம்பளமில்லாமல் அள்ளுவார்கள். பழைய கணக்கைச் சீர்செய்வதற்குத் தனி விலை, மாதப் பரிவர்த்தனை எண்ணிக்கைக்கு ஏற்ப மாத விலை, கூடினால் கூடுதல் என்று எழுத்தில் வாங்குங்கள். இப்போதைய வேலையில் இருந்துகொண்டே செய்வதானால் நியமன ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். மாத முடிப்பு தெரியாதவருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். அங்கே தப்பைத் திருத்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆக, கேட்டவர் என்ன செய்யலாம்? நான்கு ஆண்டு ஆகிவிட்டது, பில் பதிவில் இனிக் கற்க ஒன்றுமில்லை. இந்த மாதமே மேலாளரிடம் போய் வங்கிச் சரிகட்டும் பட்டியலை உங்களிடம் தரச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் பணம் அனுப்பும் பட்டியலும் உங்களிடமே இருப்பதால், அதைக் கைமாற்றிவிட்டு இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லுங்கள். காரணத்தையும் சொன்னால் உங்களுக்கு உள்கட்டுப்பாடு தெரியும் என்பது அவருக்குப் புரியும். கொடுத்தால் அடுத்து சப்ளையர் கணக்குச் சரிபார்ப்பு, அப்புறம் கொடுபட வேண்டிய செலவுகள் என்று ஒவ்வொன்றாக வாங்குங்கள். ஆறு மாத முடிப்புகளில் கைவைத்த பிறகு சம்பளத்தைப் பேசுங்கள். முதல் மாதமே பேசினால் வேலையையும் தர மாட்டார்கள். கூட்டித் தந்தால் இருங்கள். வேலையைத் தந்துவிட்டுச் சம்பளத்தைத் தராவிட்டால், அந்த ஆறு முடிப்புகளையும் சுயவிவரத்தில் முதல் வரியாகப் போட்டு வெளியே அனுப்புங்கள். மேலாளர் அந்த வேலையையே தர மறுத்தால் ஆறு மாதமும் காத்திருக்க வேண்டாம், நடுப்படித் தேர்வுக்கு உடனே பதிவுசெய்துவிட்டு, முழுச் சுற்றும் கையில் வரும் சின்ன நிறுவனம் ஒன்றைத் தேடத் தொடங்குங்கள், சம்பளம் இப்போது இருப்பதே கிடைத்தாலும் சரி.